வயிற்றில் மாட்டிய மீன்

கார்மக் லாவெலைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவான பிறகுதான் தேனிலவுக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. அவர் அறுபதைத் தாண்டியவர், நானும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. இந்த வயதில் தேனிலவு என்ற சொல்லைக் கேட்டாலே என் நாத்தனார் பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு இறைச்சி தொங்கும் குளிரறைக்குள் ஓடிவிடுவாள். அதனால் நாங்கள் அதை 'மீன் பிடிக்கப் போவது' என்றே சொல்லி வந்தோம். டிரவுட்டோ சால்மனோ, எது கிடைத்தாலும் சரி. செப்டம்பரில் ஒரு வாரம். அவருக்கு முழங்கால் சரியில்லை. அதனால் இழுப்புத் தண்ணீரில் இறங்க வேண்டாம், பாறை ஏற வேண்டாம், உட்கார்ந்து நிதானமாகத் தூண்டில் போடுகிற மாதிரி ஓர் இடம் வேண்டும்.

எனக்கு மீன்பிடிப்பு புதிதில்லை. என் கணவர் டோமினிக் உயிரோடு இருந்தபோது எங்கள் மேயோ மாவட்டத்தில் நாங்கள் கால் வைக்காத ஏரியோ ஓடையோ கிடையாது. அவர் போன பிறகு கில்டாரா கடைத்தெருவில் கறிக்கடையை நானும் அவர் தங்கை பிலோமினாவும்தான் நடத்துகிறோம். ரத்தம், குடல், கொழுப்பு, எலும்பு எதுவும் எனக்கு அருவருப்பு கிடையாது. கன்றுக்குட்டியின் தலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டீ குடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு என்னை மென்மையான மனசுக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கார்மக் வீடும் நிலமும் ஏலம் விடுகிற தொழிலில் இருந்தவர். இப்போது அவர் மகன் பார்க்கிறான். சனிக்கிழமை தோறும் கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டு விலா இரண்டு துண்டு கேட்பார். கோயில் பாட்டுக்குழுவில் பாடுவார். அவர் கை எனக்குப் பிடித்திருந்தது. நகமெல்லாம் வெட்டிச் சுத்தமாக, சோப்பு வாசனையோடு இருக்கும். என் கையைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

"பாக்காம ஒரு இடத்துக்கு முன்பணம் கட்டக் கூடாது நோரீன். வாங்குறவன் வீட்டப் பாக்காம வாங்குவானா?" என்றார் அவர். கடை மூடும் திங்கட்கிழமைகளில், தேவைப்பட்டால் ஞாயிறையும் சேர்த்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. என் கறி வண்டியில்தான் போனோம். அவருடைய காரில் ஈரச் செருப்போடு யாரும் ஏறக் கூடாது.

முதலில் போனது ஒரு பெரிய ஹோட்டல். பின்னால் அவர்களே தோண்டிய ஏரி. கரையெல்லாம் புல்லை மழித்து மெத்தை போல வைத்திருந்தார்கள். ஏரிக்குப் பக்கத்தில் வெள்ளைக் குடை, மேசை, மது.

"பாத்தியா? முழங்காலுக்குத் தொந்தரவே இல்ல" என்றார் கார்மக்.

அவர் தூண்டிலை வீசுவதற்கு முன்னாலேயே மீன்கள் கரைக்கு வந்துவிட்டன. மனிதனுடைய நிழல் விழுந்தால் எந்த டிரவுட்டும் ஓடி ஒளியும். இவை வாயைத் திறந்துகொண்டு நம்மை நோக்கி வந்தன. வேலையாள் தினமும் கரையில் நின்று குருணைத் தீனி அள்ளிப் போடுகிறான், அந்தப் பழக்கம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டன. வால் இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்துபோன குச்சம்தான் இருந்தது, முன்பு வளர்த்த தொட்டிச் சுவரில் உரசி உரசி. தண்ணீரில் தீனியின் எண்ணெய் ஏடாக மிதந்தது. நாய்த் தீனிப் பையைத் திறந்தால் வரும் அதே நாற்றம்.

கார்மக் ஒன்றைப் பிடித்தார். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரிதான் பிடித்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நின்றார். "போன் எடு. இல்ல, இந்தப் பக்கத்துலேருந்து. வெயில் மூஞ்சில படணும்." மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. இரண்டு விரலையும் அதன் செவுளுக்குள் விட்டு இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பக்கத்துக் குடையின் கீழ் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை தூக்கிக் காட்டினார்.

"போதும். கொல்லுங்க, இல்லன்னா விடுங்க" என்றேன்.

"விடத்தானே போறேன். நாங்கல்லாம் புடிச்சு விட்டுடற ஆளுங்க" என்று குடைக்காரர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மீனைத் தண்ணீரில் எறிந்தார். அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. மெதுவாகக் கரைக்கே திரும்பி வந்தது. நான் குனிந்து எடுத்து, பையிலிருந்த கட்டையால் தலையில் ஒரே போடு போட்டேன். துடிப்பு நின்றது.

கார்மக்கின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்க நோரீன். அது நீந்திப் போயிருக்கும்."

"எங்க, சொர்க்கத்துக்கா?"

அவர் சிரிக்கவில்லை. குடைக்காரர்களைப் பார்த்து, தோளைக் குலுக்கி, என் சார்பில் மன்னிப்புக் கேட்பது போல ஒரு புன்னகை செய்தார். அந்தப் புன்னகைதான் வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்கு உறுத்தியது. வீட்டில் அந்த மீனை அறுத்தேன். சதை கையில் ஈர மாவாகப் பிசுபிசுத்தது. பூனைக்குப் போட்டேன், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

"பூனையே வேணாங்குது. கட்டிக்கப் போறவ யோசிக்க மாட்டேங்கறா" என்றாள் பிலோமினா.

"மீனத்தான்டி வேணாங்குது."

"நானும் மீனத்தான் சொல்றேன்" என்றாள் அவள், எலும்பை வெட்டிக்கொண்டே.

இரண்டாவது இடம் கடலோரம். ஆறு வந்து விழும் குறுகலான வளைகுடா, கரையில் பழைய விருந்தினர் வீடு. மார்ட்டின் ஜோ என்ற படகோட்டி எங்களை அழைத்துப் போனார். வளைகுடாவின் நடுவில் வட்ட வட்டமாக வலைக் கூண்டுகள் மிதந்தன. சால்மன் பண்ணை. அதன் பக்கத்தில் நீலப் பீப்பாய்கள் ஏற்றிய ஒரு மிதவை. காற்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பியபோது மூவருமே மூக்கைப் பொத்தினோம். அந்த வாரம் செத்த மீன்களை அந்தப் பீப்பாய்களில்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

"மூடி இருக்கில்ல?" என்றார் கார்மக், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"மூடி இருக்கு. உள்ள இருக்கறதுதான் தூக்கிட்டு வெளிய வருது" என்றார் மார்ட்டின் ஜோ.

ஆற்று வாய்க்குப் பக்கத்தில் என் தூண்டிலில் ஒரு கடல் டிரவுட் மாட்டியது. வெள்ளிக் காசு மாதிரி மின்ன வேண்டிய மீன். இழுக்கும்போதே எதிர்ப்பே இல்லை, நனைந்த துணியை இழுப்பது போல வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். முதுகுத் துடுப்பு இல்லை. இருந்த இடத்தில் சிவந்த குழி. கழுத்திலிருந்து தலை வரை தோல் போய், மண்டை வெள்ளையாகத் தெரிந்தது. பழுப்பு நிறக் கடல் பேன்கள் அடையடையாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் பின்னால் இரண்டு நூல் வாலை இழுத்துக்கொண்டு, என் விரல் பட்டதும் நகர்ந்தன. ஒன்று என் மணிக்கட்டில் ஏறியது. எனக்கு, கறிக்கடைக்காரிக்கு, உடம்பெல்லாம் கூசியது.

"கூண்டுல பெருகுது, வழியில போறதுங்க மேல ஏறுது. எங்கப்பா இந்த எடத்துல கூடை கூடையாப் புடிச்சாரு. இப்ப நான் விருந்தாளிங்கள கூட்டியாந்து கடல்நாய் காட்டறேன்" என்றார் மார்ட்டின் ஜோ.

நான் அந்த மீனையும் கட்டையால் முடித்தேன். கார்மக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். "மறைச்சு வை. மேல கொண்டு வராத. சாப்பாட்டு நேரம்."

சாப்பாடு அந்த விருந்தினர் வீட்டில். தட்டில் சால்மன். கிச்சிலிப் பழ நிறம், சதைக்குள் வெள்ளைக் கோடாகக் கொழுப்பு, வெண்ணெய்க்குள் அது தன் எண்ணெயையும் கக்கிக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது ஜன்னல் வழியாகவே தெரிந்தது. கார்மக் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார்.

"ஆத்து மீன்தான். நிறத்தப் பாத்தாலே தெரியுமே! இதுக்குன்னே வரலாம்" என்றார் வீட்டுக்காரம்மாவிடம். அந்த அம்மாள் தட்டுகளைப் பார்த்தபடி ரொட்டியை நகர்த்தி வைத்தாள். எதிர் மேசையில் இருந்த ஜெர்மன் தம்பதிக்கும் கார்மக் இதைத் திரும்பச் சொன்னார். அவர்களும் தலையாட்டிக்கொண்டு அதையே வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வண்டியில் கேட்டேன். "உங்களுக்கு நெஜமாவே தெரியலயா?"

"தெரியாம என்ன? அந்த அம்மா வீட்ட விக்கப் போறாங்க. என் பையன்தான் ஏலம் விடறான். வாங்கறவன் காதுல பேன், பீப்பான்னு எதுக்கு விழணும்? நீயும் கடையில யார்கிட்டயும் சொல்லாத." என் முழங்காலில் தட்டிக் கொடுத்தார். அந்தக் கை சோப்பு மணத்தது. எனக்கு முதல் தடவையாக அந்த வாசனை பிடிக்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிலோமினாவும் கேட்டாள். மோதிரம் போட்டாயிற்று, பாதிரியாரிடம் சொல்லியாயிற்று, கில்டாராவில் பாதிப் பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டு அதே கையோடு அரை கிலோ பன்றித் தொத்திறைச்சியும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு தட்டு மீனைக் காரணம் காட்டி அதையெல்லாம் எப்படித் திரும்பப் பெறுவது?

மூன்றாவது இடம் ஓவன்கார் ஆறு. அதைத் தேர்ந்தெடுத்தது நான். அது நல்ல சால்மன் ஆறு. பழைய மாவு மில்லுக்குக் கீழே ஒரு மடு, மேலே தடுப்பணை, பக்கத்தில் ஜார்லத் என்பவருடைய மதுக்கடை. மாடியில் தங்க அறைகள் உண்டு. ஆனால் நாங்கள் போனபோது மழை பெய்து நாளாகியிருந்தது. அணையின் மேல் தண்ணீர் நூலாகத்தான் வழிந்தது. கடலிலிருந்து ஏறி வந்த சால்மன்கள் மேலே போக வழியில்லாமல் அந்த மடுவிலேயே அடைபட்டுக் கிடந்தன. பாலத்தில் நின்று பார்த்தால் கட்டிப்போட்ட படகுகள் போல வரிசையாக, கருத்த முதுகுகள். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்ததால் செவுளை வேகமாக அசைத்துக்கொண்டிருந்தன.

"மழ வர்ற வரைக்கும் யாரும் தொடறதில்ல. இறகு கட்டின பூச்சிய மூக்குக்கு முன்னாடி ஆட்டினாலும் திரும்பாது. பாவம், விட்டுடுங்க. செப்டம்பர்ல வாங்க" என்றார் ஜார்லத்.

சரி என்றோம். ஞாயிறு இரவு அங்கேயே தங்கினோம், தனித் தனி அறையில். காலையில் கார்மக் அறையில் இல்லை. ஆற்றைப் பார்க்கப் போயிருப்பார் என்று ஒரு குடுவையில் டீ எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். அவர் மேல் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அவர் ஒன்றும் தகராறு செய்யவில்லை, நல்ல பிள்ளையாகத் தூங்கப் போயிருந்தார்.

ஆல்டர் மரங்களுக்குப் பின்னால் வரும்போதே சத்தம் கேட்டது. ஏதோ கனமானது தண்ணீரில் விழும் சத்தம். இலைகளை விலக்கிப் பார்த்தேன். கார்மக் மடுவின் கரையில் நின்றார். தூண்டிலின் முனையில் பொய்ப்பூச்சி இல்லை. ஈயக் குண்டும், மூன்று முள் விரிந்த பெரிய கொக்கியும். அதை மீன்களுக்கு அப்பால் எறிந்து, தரையில் பட விட்டு, இரண்டு கையாலும் கோலை வெடுக்கென்று இழுத்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. மீன் கூட்டம் சிதறியது. மறுபடி எறிந்து இழுத்தார். ஒன்றின் விலாவில் மாட்டிக் கிழித்துக்கொண்டு வந்தது. கொக்கியில் சதைத் துணுக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் தேய்த்து எறிந்துவிட்டு மறுபடி வீசினார். தண்ணீரில் சிவப்பு இழை ஒன்று மெல்ல விரிந்தது. அடுத்த முறை நன்றாக மாட்டியது, ஒரு பெட்டைச் சால்மன், அடிவயிற்றில். பக்கவாட்டில் அதை இழுத்துக் கரையில் போட்டார். ஒரு கல்லை எடுத்து அடித்தார். தலையில் படவில்லை, கண்ணில் பட்டது. மறுபடி அடித்தார், முதுகில். எத்தனை அடி என்று நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் கொக்கியைப் பிடுங்கித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியில் குத்தியிருந்த அழகான பூச்சி ஒன்றை எடுத்தார். செத்த மீனின் வாயைப் பிளந்து, உதட்டோரத்தில் அதைக் குத்தினார். ரத்தத்தைத் தண்ணீரால் கழுவினார். கிழிந்த வயிறு கீழே இருக்கும்படி மீனைப் புல்லில் படுக்க வைத்து, பக்கத்தில் தூண்டில் கோலைச் சாய்த்து வைத்து, போனை எடுத்துப் படம் பிடித்தார். சரியாக வரவில்லை போல. தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டு, தானும் விழுகிற மாதிரி இன்னொன்று எடுத்தார். சிரித்தார், அந்தப் போனைப் பார்த்து.

டீயைப் புல்லில் கொட்டிவிட்டு மேலே வந்து, அறையில் உட்கார்ந்து கையைக் கழுவினேன். நான் எதையும் தொடவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்து கதவைத் தட்டினார். "நோரீன்! கீழ வா! ஒரு அதிசயம் நடந்திருக்கு!"

அப்போதே கேட்டிருப்பேன். ஆனால் அவர் ஏற்கெனவே படியிறங்கிக் கொண்டிருந்தார். சாமான்களைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டு நான் மதுக்கடைக்குள் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிட்டது. மீன் கவுண்டரின் மேல் செய்தித்தாளில் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். ஜார்லத் எனக்கும் ஒரு குவளை பீர் ஊற்றி வைத்தார். கார்மக் கையை விரித்து விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"... மூணாவது வீச்சுலதான் திரும்பிச்சு. தண்ணி மேல ஒரு சுழி. நான் மூச்சே விடல. ஆண்டவனேன்னு நின்னேன். அப்புறம் அரை மணி நேரம் என்கூட மல்லுக்கட்டிச்சு பாருங்க..."

"இந்தத் தண்ணியிலயா? எந்தப் பூச்சிக்கு எடுத்துச்சு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"நானே கட்டினது. வாயிலயே இருக்கு, பாருங்க. நோரீன் பக்கத்துலயே நின்னா, அவளையே கேளுங்க." என் தோளில் கை போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சொல்லு நோரீன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சட்டைக் கையில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அவருடைய முகத்தில் பயமே இல்லை என்பதைக் கவனித்தேன். நான் பார்த்தேனா என்ற சந்தேகம்கூட இல்லை. பார்க்காமலே நான் ஆமாம் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயம்.

"பூச்சியெல்லாம் இல்ல. மூணு முள் கொக்கி. வயித்துல போட்டு இழுத்த. பூச்சிய அப்புறமா செத்த வாயில குத்தின. திருப்பிப் போடு, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

கார்மக் சிரிக்கப் பார்த்தார். "என்ன வெளையாட்டு இது..." அவர் கை என் தோளிலிருந்து விழுந்தது.

கவுண்டரின் கடைசியில் ஒரு ஆள் சூப் குடித்துக்கொண்டிருந்தான். சாதாரணக் கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தான். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்து, மீனின் வாலைப் பிடித்துத் திருப்பிப் போட்டான். அடிவயிறு கிழிந்து, இன்னும் சரியாக முற்றாத முட்டைப் பை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறவர்களைப் பிடிக்கும் ஆற்றுக் காவலர். அன்று அவனுக்கு விடுமுறையாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஆனால் தெரியாது.

"உங்க பேரு?" என்று கார்மக்கைக் கேட்டான். பெயர், ஊர் எல்லாம் வாங்கிக்கொண்டான். பையைத் திறக்கச் சொன்னான். துணியை விரித்தபோது கொக்கியில் இன்னும் சதை இருந்தது. மீனையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இனி என்ன நடக்கும் என்று நான் நினைத்தேன்? அது அவர்களுடைய ஆறு. மழை வரும் வரை தொட மாட்டோம் என்று முந்தின நாள் சொன்னவர்கள் அவர்கள். அந்த மனிதனை வெளியே தள்ளுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஜார்லத் வந்து என் முன்னால் இருந்த கண்ணாடிக் குவளையை எடுத்தார். நான் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. அது இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தார்.

"இங்க அந்தப் பழக்கம் இல்லம்மா" என்றார்.

"எந்தப் பழக்கம்?"

"காட்டிக் குடுக்கற பழக்கம்."

"அவன் செஞ்சதப் பாத்தீங்கல்ல?"

"அது அசிங்கம்தான். எங்ககிட்ட தனியா சொல்லியிருந்தா நாங்களே ஆத்துல தூக்கிப் போட்டிருப்போம். அதிகாரி முன்னாடி சொன்னீங்க பாருங்க..." மீன் கிடந்த இடத்தைவிட என் இடத்தை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

பூச்சியைப் பற்றிக் கேட்ட கிழவர் கார்மக்குக்கு ஒரு விஸ்கி வாங்கிக் கொடுத்தார். கார்மக் அதை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, அடிபட்ட ஆள் போல மெதுவாகக் குடித்தார். யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். ஒன்றும் தெரியாதவன் போல அந்தத் தட்டலை அவர் வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, கடல் பேன் என் மணிக்கட்டில் ஏறியபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை.

வெளியே வந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். "ஒரு மீனுக்காகவா நோரீன்? ஒரே ஒரு மீனுக்காக, அத்தன பேர் முன்னாடி?"

"ஒண்ணு இல்ல. கிழிச்சு விட்டதையும் சேத்துக்க."

"நீ வாரா வாரம் ஆட்டக் கூறு போடறவ. நீ எனக்கு இரக்கம் சொல்லித் தர்றியா?"

"ஆட்ட அறுத்துட்டு, அது வாயில புல்லு வச்சு, அதுகூட நின்னு நான் போட்டோ எடுக்கறதில்ல."

அவர் முகம் மாறியது. "உன் மேல எப்பவும் ஒரு வாட அடிக்கும், தெரியுமா? எத்தன குளிச்சாலும். நான் பெருந்தன்மையா கண்டுக்காம இருந்தேன்."

அவருடைய கோல்களையும் பெட்டியையும் வண்டியிலிருந்து எடுத்து ஜார்லத்தின் வாசலில் வைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு கில்டாரா வந்து சேர்ந்தேன்.

பிலோமினா முதலில் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். செத்த மீனோடு தலை கோதிப் படம் பிடித்த இடத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காவலர் சூப்பை வைத்துவிட்டு எழுந்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"காவலர் முன்னாடியா சொன்ன?"

"எனக்குத் தெரியாதுடி."

"எங்க தாத்தா ஒரு சால்மனுக்காக ஜெயிலுக்குப் போனாரு. சொன்னவ எங்க தெருக்காரி. செத்தும்கூட அவ பேர நாங்க யாரும் பிள்ளைக்கு வைக்கல."

"உங்க தாத்தா பசிக்குப் புடிச்சாரு. இவன் போட்டோவுக்குப் புடிச்சான்."

"தெரியுது. எனக்குப் புரியுது. இருந்தாலும் நாக்குல கசக்குது, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் கடை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை. மோதிரத்தைக் கார்மக் வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தது மட்டும் அவள்தான். நான் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

ஊருக்குள் செய்தி பரவியது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கோயிலில் வழக்கமாகப் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்கள் ஒரு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வண்டியின் பின்கதவுத் தூசியில் யாரோ விரலால் 'காட்டிக்கொடுத்தவள்' என்று எழுதியிருந்தார்கள். கழுவினேன். ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. கண்ணுக்கு முன்னால் கிழிந்த வயிற்றைப் பார்க்காதவர்கள், பார்த்தவளைக் குற்றம் சொல்கிறார்கள். அதோடு, என்னை நினைத்தும் குமட்டியது. நகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஆளைக் கட்டிக்கொள்ளப் போனவள்தானே நான்?

பிறகு ஒரு சனிக்கிழமை, கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது, கார்மக் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் வழி விட்டார்கள். அவர் கவுண்டருக்கு வந்து, கோயிலில் பாடுகிற அதே குரலில், பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நோரீன், யோசிச்சுப் பாத்தேன். மனசுல எதையும் வச்சுக்கல. உன்ன மன்னிச்சிட்டேன்."

பிலோமினா கத்தியோடு அப்படியே நின்றாள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஊசிப்போன கறியை முகர்ந்தால் முகம் தானாகத் திரும்புமே, அப்படித்தான் திரும்பியது.

"அடுத்தது யாரு?" என்றேன்.

அவருக்குப் பின்னால் நின்றவள் மிசஸ் கரீட்டி. அந்த வாரங்களில் என் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் அன்றுதான் முதலில் வந்திருந்தவள். அவள் கார்மக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முழங்கையால் அவரைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினாள்.

"எனக்கு ஈரல் அரை கிலோ" என்றாள். "கொழுப்பு வேணாம். கொழுப்பத்தான் எங்க பாத்தாலும் பாக்கறோமே."

பிலோமினாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு மற்றவர்கள். கார்மக் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றும் என் கடையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போய்க் கறி வாங்குகிற இரண்டு வீடுகள் இருக்கின்றன.

செப்டம்பரில் எங்கே போவது என்பது அப்படியே நின்றிருந்தது. அந்த வாரத்துக்குக் கடையை மூடுவதாகப் பலகை எழுதியாகிவிட்டது. "யாரும் மதிக்காத ஒரு ஏரி சொல்லு, நானும் வர்றேன்" என்றாள் பிலோமினா. அவளுக்குத் தூண்டிலைப் பிடிக்கவும் தெரியாது.

மலைக்கு மேல் அப்படி ஒன்று இருந்தது. கறுப்புத் தண்ணீர், பாதைகூட முழுதாக இல்லை. சால்மன் ஏறாது. கைநீளம்கூட வராத பழுப்பு டிரவுட்தான். ஹோட்டல் இல்லை, மதுக்கடை இல்லை, படம் பிடித்துக் காட்ட யாரும் இல்லை. போன அன்றே கொசுவைவிடச் சின்னப் பூச்சிகள் மேகமாகக் கிளம்பி மூக்கிலும் காதிலும் நுழைந்தன. பிலோமினா வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவனையும் என்னையும் சேர்த்துத் திட்டினாள். நான் முகத்தில் வலை கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். என் நிழலைப் பார்த்ததும் மீன்கள் ஓடின. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு, காத்திருந்து, சாயங்காலத்துக்குள் நாலு பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி.

வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பிலோமினா முன் இருக்கையில் உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"என்னடி?"

"ஆத்துப் பாதுகாப்புக் குழுவுக்குப் புதுத் தலைவர் போட்டிருக்காங்க. யாருன்னு சொல்லு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அவரேதான். கழுத்தில் டை, தலை வாரி, கையில் ஒரு கோப்பை. வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். முதல் தடவை என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

"படிக்கவா? 'சால்மன் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும்...'"

"வேணாம். இங்க குடு."

அவள் பின்னால் நீட்டினாள். நான் அதை மடியில் விரித்து, நாலு மீனின் குடலையும் செவுளையும் அதன் நடுவில் வழித்துப் போட்டு, நன்றாகச் சுருட்டி, நாய் நரி இழுக்காதபடி ஒரு கல்லுக்கடியில் புதைத்தேன். பிறகு ஏரியில் கை கழுவிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். வெண்ணெயில் பொரித்த மீனைப் பிலோமினா மூன்று தின்றாள். முள் அதிகம் என்று குறையும் சொன்னாள்.